என் பேரில் விழுந்த கோல்

என் இடது முழங்காலில் எந்தக் கோளாறும் கிடையாது. என்றைக்குமே இருந்ததில்லை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாற்பது வருஷம் பிடித்திருக்கிறது.

அல்சூர் பக்கம் என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "குணசேகரனா? நல்ல ஃபுட்பால் பிளேயர், பாவம், முட்டி போச்சு" என்பார்கள். அதில் பெயர் மட்டும்தான் சரி. நான் ஃபுட்பால் பிளேயரும் இல்லை, முட்டியும் போகவில்லை. வேலையில் சேர்ந்த மூன்றாம் மாசத்திலிருந்து இடது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து வந்தேன், அவ்வளவுதான். பஸ்ஸைத் துரத்தும்போது தானாகக் குணமாகிவிடும். சில நாள் மறந்துபோய் வலது காலை இழுத்துவிடுவேன். (அதையும் என் மனைவி வசந்தா, "ஒரு காலோட பாரத்தை இன்னொரு கால் தாங்குதே, அதான்" என்று தானே விளக்கம் சொல்லிப் பரிதாபப்பட்டாள். அப்படிப்பட்ட மனுஷியைப் போய் ஏமாற்றியிருக்கிறேன்.) கல்யாணமான முப்பத்தைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நல்லெண்ணெயைச் சூடு பண்ணி அந்த முட்டிக்குத் தேய்த்துவிட்டாள்.

கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் யோக்கியதை முழுசாகத் தெரியும்.

நான் படித்தது ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தமிழ் மீடியம் ஹைஸ்கூல். பத்தாவது படிக்கும்போது எங்கள் ஸ்கூல் டீம் ஊரிலிருந்த பெரிய பெரிய ஸ்கூல்களையெல்லாம் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. ஃபைனலில் விழுந்தது ஒரே கோல். அந்தக் கோலை அடித்தவன் பெயர் சர்ட்டிபிகேட்டில் 'கே. குணசேகரன்' என்று இருக்கிறது. அடித்தவன் வேலு.

வேலு எங்கள் தெருப் பையன். எட்டாம் வகுப்பு படிக்கும்போது, பெயின்டராக இருந்த அவன் அப்பா ஏணியிலிருந்து விழுந்து படுத்துவிட்டார். இவன் ஸ்கூலை விட்டுவிட்டு அவருடைய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டான். பகலில் சுவர், சாயங்காலம் பந்து. அவன் இடது காலுக்குப் பந்து போய்விட்டால் எதிர் டீம் பையன்கள் கோலைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிடுவார்கள், பந்தை எடுத்து வர.

ஸ்கூலில் இல்லாதவன் ஸ்கூல் டீமில் எப்படி ஆடுவான் என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் பக்கத்தில் 'பேரில் ஆடுறது' என்று ஓர் ஏற்பாடு உண்டு. பேப்பரில் ஒரு பையன் இருப்பான், கிரவுண்டில் வேறு பையன் இருப்பான். எல்லா ஸ்கூலும் செய்தது, எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் பி.டி. மாஸ்டர் ஒருநாள் வகுப்புக்குள் வந்து வரிசையாகப் பார்த்து, "குணசேகரா, நீ எழுந்திரு" என்றார். டீமில் எடுக்கப்போகிறார் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "உன் பேர்ல வேலு ஆடுறான். மேட்ச் நடக்கிற இடத்துல நீ என் கண்ணுல பட்டே, தோலை உரிச்சிடுவேன்" என்றார். என் உயரமும் வேலுவின் உயரமும் ஒன்று, என் அட்டெண்டன்ஸ் சுத்தமாக இருந்தது. என் விளையாட்டுத் தகுதிகள் அத்தோடு முடிந்தன.

வேலுவை 'குணா' என்று கூப்பிட்டுப் பழக்கினார்கள். மாஸ்டர் பின்னாலிருந்து திடீரென்று "குணா!" என்பார். அவன் திரும்பாவிட்டால் விசில் கயிற்றால் ஒன்று விழும். பத்தே நாளில் வேலு தேறிவிட்டான். அதற்கப்புறம் அவன் அம்மா "டேய் வேலு" என்று கூப்பிட்டால் அவனுக்குக் காதில் விழாது, 'குணா' என்று கூப்பிட்டால் ஓடி வருவான். நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் குழப்பமோ குழப்பம். "எந்த குணா, ஒரிஜினலா டூப்ளிகேட்டா?" என்பாள் அவன் தங்கை. டூப்ளிகேட் என்று அவள் சொன்னது என்னைத்தான்.

ஃபைனல் அன்று நான் போகாமல் இருந்திருக்க வேண்டும். போனேன். ஒரு மோர் வண்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு பார்த்தேன். ஆட்டம் முடியப் போகிற நேரம், எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரிய உடம்புக்காரர் துண்டை உதறிக்கொண்டு குறுக்கே நகர்ந்தார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அதற்கப்பால் ஒரு பெரிய சத்தம். "குணா! குணா! குணா!" என்று அத்தனை ஜனமும் கத்துகிறது. என் பேர்! வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக ஒரு கூட்டம் என் பேரைச் சொல்லிக் கத்தியது, நான் மோர் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். (ஆக, நாற்பது வருஷமாகக் கண்டவர்களிடமெல்லாம் நான் வர்ணித்து வந்த அந்தக் கோலை நான் அடிக்கவில்லை என்பது மட்டுமல்ல, பார்க்கவும் இல்லை.)

மறுநாள் ஸ்கூலில் டீம் போட்டோ. ஹெட்மாஸ்டர் பக்கத்தில் நிற்பதால் ஒரிஜினல் மாணவன்தான் வேண்டும். பத்து பேர் வரிசையாக நின்றுவிட்டார்கள். வேலு ஜெர்சியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றான். காலையில் ஒரு ரவுண்டு ஓடியிருந்தான் போல, ஜெர்சி வியர்வையில் ஈரமாக இருந்தது. போட்டுக்கொண்டு போய் ஓரத்தில் நின்றேன். அவன் போட்டோகிராபருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஹெட்மாஸ்டர் போலக் கன்னத்தை உப்பிக் காட்டினான். போட்டோவில் நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். ஹெட்மாஸ்டர் மட்டும் உர்ரென்று இருக்கிறார்.

நாலு வருஷம் கழித்து ஒரு ஃபேக்டரியில் வேலைக்கு இன்டர்வியூ. கேட்ட கேள்வி ஒன்றுக்கும் பதில் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். ஃபைலைப் புரட்டிய அதிகாரி அந்தச் சர்ட்டிபிகேட்டில் நின்றார். அவருக்கு ஃபுட்பால் என்றால் உயிராம்.

"அந்த ஃபைனலை நான் பார்த்தேன். லெஃப்ட் ஃபுட்ல ஒரு ஷாட். அது நீயா?"

"ஆமா சார்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அந்த ரெண்டு வார்த்தையில் வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது, வசந்தா கிடைத்தாள். மூன்றாம் மாசம் ஃபேக்டரி டீமுக்கு ஆடக் கூப்பிட்டார்கள். அன்று காலையில் முட்டி போய்விட்டது. இடது முட்டி. புகழ் பெற்ற கால் அதுதானே, காயமும் அதற்குத்தான் வர வேண்டும்.

அதோடு பழைய சிநேகிதர்களை விட்டு விலகினேன். எவனாவது உளறிவிட்டால் வேலை போய்விடும் என்று பயம். தெருவில் எங்கள் டீம் கேப்டன் பாஷாவின் ஆட்டோ வந்தால் சந்துக்குள் புகுந்துவிடுவேன். முட்டி போனவன் சந்துக்குள் ஓடுகிற வேகத்தைப் பார்த்து அவன் என்ன நினைத்தானோ தெரியாது.

வேலுவை மட்டும் ஒருமுறை முகத்துக்கு நேராகப் பார்க்க நேர்ந்தது. என் மகள் நித்யாவுக்கு அப்போது நாலு வயசு. குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்க கான்ட்ராக்டர் ஆள் அனுப்பினார். கதவைத் திறந்தால் வேலு. தெரியாதவன் மாதிரி ஒதுங்கி வழி விட்டேன். வசந்தா அவனுக்குக் காபி கொடுத்துக்கொண்டே, "சாரும் உங்க அல்சூர்தான். ஸ்கூல்ல பெரிய ஃபுட்பால் பிளேயர், தெரியுமா?" என்றாள். ஏணி மேல் நின்றபடியே அவன், "தெரியும்மா. சார் சூப்பரா ஆடுவாரு" என்றான். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி அடிக்க ஆரம்பித்தான். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரைக்கும் அதே பக்கம்தான். வாழ்க்கையில் நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது எது என்று கேட்டால், அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைத்தான் சொல்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் ரிடையர் ஆகி ஒரு வருஷம் ஆனபோது, எங்கள் ஸ்கூல் அலமாரியைச் சுத்தம் செய்கையில் அந்தக் கோப்பை கிடைத்திருக்கிறது. பழைய மாணவர்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் யாரோ படம் போட, அது சுற்றிச் சுற்றி வைட்ஃபீல்டில் வேலை பார்க்கிற நித்யாவின் போனுக்கு வந்து சேர்ந்தது. வேறு யாராவதாக இருந்தால் ஒரு இதயம் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். இவள், 'வின்னிங் கோல் அடித்தது என் அப்பா' என்று பதில் போட்டு, ஹெட்மிஸ்ட்ரஸைப் போய்ப் பார்த்து, டீமுக்குப் பாராட்டு விழாவே ஏற்பாடு பண்ணிவிட்டாள். எனக்குப் புது ஸ்போர்ட்ஸ் ஷூ வேறு வாங்கி வந்தாள், ஒரு சைஸ் பெரிசாக. "முட்டிக்கு நல்லதுப்பா" என்றாள்.

விழா ஒரு சனிக்கிழமை காலை, அதே கிரவுண்டில். கேட்டிலேயே டீம் போட்டோவை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பதினோரு பேரில் என்னைச் சேர்த்து ஐந்து பேர்தான் வந்திருந்தோம். மீதிப் பேரில் அநேகம் பேர் உயிரோடு இல்லை. பாஷா என்னைப் பார்த்து, "க்யா குணா, முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"வேலு வரலையா?" என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

அப்போதுதான் ஒரு பெண் வந்து என் எதிரே நின்றாள். முப்பது வயசிருக்கும். கழுத்தில் ஏதோ ஆபீஸ் ஐடி கார்டு.

"சார், நீங்கதானே குணசேகரன்?"

"ஆமா."

"நான் பெயின்டர் வேலு பொண்ணு. சரளா. வைட்ஃபீல்ட்ல ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரா இருக்கேன். அரை நாள் லீவு போட்டு வந்தேன்."

"வேலு எப்படிம்மா இருக்கான்?"

"போன ஆடியில தவறிட்டாரு சார்."

எனக்குத் தெரியாது. மூன்று பஸ் ஸ்டாப் தள்ளி இருந்தவன், செத்து ஒரு வருஷத்தை நெருங்குகிறது, எனக்குத் தெரியாது.

"விழா நோட்டீஸ்ல உங்க பேரைப் பாத்துட்டு, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்" என்றாள். "ஆஸ்பத்திரியில அவருக்கு நினைவு போயிப் போயி வந்துச்சு. நான் மாத்திரை வாங்கப் போன நேரத்துல நர்ஸ் பேரு கேட்டிருக்காங்க. குணசேகரன்னு சொல்லிட்டாரு. சீட்டுல அப்படியே எழுதிட்டாங்க. டெத் சர்ட்டிபிகேட் வரைக்கும் அதே பேருதான் வந்துச்சு. அதை மாத்துறதுக்குள்ள மூணு மாசம் அலைஞ்சோம். யார்றா இந்த குணசேகரன்னு அன்னைக்கெல்லாம் உங்களைத் திட்டியிருக்கேன் சார், தப்பா நெனைச்சுக்காதீங்க."

"திட்டும்மா" என்றேன். 

"கொஞ்சம் குடிச்சாருன்னா, அந்தக் கப்பு என்னோடதுன்னு சொல்லுவாரு. ஸ்கூல் கோல் நான் போட்டதுன்னு. நீ எட்டாங்கிளாஸ்தானேப்பா, எந்த ஸ்கூல்ல ஆடினேன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டாரு. எங்க வீட்டுக்காரரு, மாமியாரு எல்லாம் சிரிப்பாங்க. ஒருநாள் நானே, போதும்பா, பொய் சொல்லாதே, மானம் போகுதுன்னு கத்திட்டேன். அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கலை." அவள் குரல் இறங்கிவிட்டது. "அது பொய்யா சார்? நீங்க சொல்லுங்க. எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து என் கையைப் பிடித்து, "ஹீரோ இல்லே இதாரே! பன்னி சார், பன்னி" என்று, ஹீரோ இங்கேயே இருக்காரே, வாங்க என்பதைக் கன்னடத்தில் சொல்லி, மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்த்தேன். சரளா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

மேடையில் சால்வை, சந்தன மாலை, பழக்கூடை, நினைவுப் பரிசு, மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகை எல்லாம் ஆயிற்று. பேட்டா என் தலைக்குப் பெரிது. மூக்குவரை இறங்கிவிட்டது. அதைத் தூக்கித் தூக்கி எதிரே பார்த்தேன். முதல் வரிசையில் வசந்தா, பட்டுப் புடவையில். நித்யா போனைத் தூக்கி வீடியோ எடுக்கிறாள். கடைசி வரிசையில் சரளா, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். என் மகள் ஒரு பொய்யை நம்பிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். அவன் மகள் ஒரு உண்மையை நம்ப முடியாமல் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

"அந்தக் கோல் நான் அடிக்கலை" என்றேன்.

பேட்டாவை மறுபடியும் மேலே தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"எங்க தெரு வேலு அடிச்சது. அவன் போன வருஷம் செத்துட்டான். இந்த மரியாதை அவனுக்குச் சேர வேண்டியது. எனக்கில்லை."

 நாற்பது வருஷப் பாரம் இறங்கிவிட்டது என்று கண்ணை மூடினேன். கை தட்டுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் கூட்டமே எழுந்து நின்று தட்டுகிறது!

ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். "எஷ்டு தொட்ட மனசு நோடி! எவ்ளோ பெரிய மனசு பாருங்க! செத்துப்போன பிரெண்டுக்குத் தன் கோலையே குடுக்குறாரு!"

"இல்லம்மா, நிஜமாவே..." என்றேன்.

"இதுதான் பண்பு!" என்றார் அவர். இன்னொரு சால்வை போட்டார்கள். நித்யா அழுதுகொண்டே வீடியோ எடுத்தாள். வசந்தா பக்கத்துப் பெண்மணியிடம், "வீட்லயும் இப்படித்தான், தன்னைப் பத்திப் பெருமையே பேச மாட்டாரு" என்பது எனக்கே கேட்டது. (நான் பேசியதெல்லாம் அவளுக்குப் பெருமையாகவே படவில்லை போலிருக்கிறது.) பொய் சொன்னபோது வேலை கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் சால்வை போடுகிறார்கள். என்னதான் செய்வான் மனுஷன்!

கடைசி வரிசையைப் பார்த்தேன். சரளா தட்டவில்லை. அவள் முகத்தில் நம்பிக்கையும் இல்லை, சந்தேகமும் இல்லை. பெரிய மனுஷன் ஒருத்தன் ஏழைக்கு இரக்கப்பட்டு ஏதோ சொன்னான் என்று நினைத்துவிட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"பந்து கொண்டாங்க!" என்று கத்தினேன்.

நான் கோல் அடிக்கப்போகிறேன் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. வசந்தா, "ஐயோ, முட்டி! முட்டி!" என்று எழுந்தாள். நான் மாலையோடும் பேட்டாவோடும் மேடையை விட்டு இறங்கிக் கிரவுண்டுக்குப் போனேன். கால் இழுக்கவில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

பந்தைக் கோலுக்குப் பத்தடி தூரத்தில் வைத்தார்கள். கோல்கீப்பர் கிடையாது. காலியான கோல். உதைக்கத் தெரியாதவன் எப்படி உதைப்பான் என்று காட்டினால் போதும், நடிக்கக்கூட வேண்டாம். பின்னால் நாலு எட்டு வைத்து ஓடி வந்தேன். பேட்டா கண்ணை மறைத்தது. என் வலது காலை என் பலம் கொண்ட மட்டும் வீசினேன்.

பந்து அப்படியே இருந்தது. ஒரு சைஸ் பெரிய ஷூ என் காலிலிருந்து கழன்று, காற்றில் ஒரு சுற்று சுற்றி, நேராகக் கோலுக்குள் போய் வலையில் விழுந்தது. நான் மல்லாந்து விழுந்தேன். வலது முட்டியில் 'படக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"கோல்!" என்று கத்தினான் பாஷா.

அவன் சிரித்த சிரிப்பு! மேடையிலிருந்த மற்ற மூன்று பேரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாஷா மைக்கைப் பிடுங்கினான். "இப்போ பார்த்தீங்களா? அரே, இந்தக் காலு கோல் போட்ட காலா? பெரிய மனசும் இல்ல, சின்ன மனசும் இல்ல. இவன் சொன்னது நெஜம். ஆடினது பெயின்டர் வேலு. இவன் பேர்ல ஆடினான். நாங்க பக்கத்துல நின்னு பார்த்தோம்." சிரிப்பு நின்றுவிட்டது அவனுக்கு. "இவனுக்கு வேலை கெடைச்சப்போ எங்களுக்கு ஆத்திரம். போய்ச் சொல்லிடலாம்னோம். வேலுதான் விடலை. ஒருத்தன் பொழப்பு, யாரும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினான். அதனால இத்தனை வருஷம் நாங்க சும்மா இருந்தோம்."

எனக்குத் தெரியாது. சந்து சந்தாக நான் ஒளிந்துகொண்டிருந்த காலமெல்லாம் என் வேலையை வேலு காவல் காத்திருக்கிறான். மண்ணில் கிடந்தபடியே வாய்விட்டு அழுதேன்.

அதற்குள் வசந்தா ஓடி வந்து என் இடது முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

"எந்தக் கால்?" என்றாள்.

"வலது."

"அப்போ இது?"

நான் இடது காலை மெதுவாக மடக்கிக்கொண்டேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அந்தப் பெயின்டரா?" என்றாள். "நம்ம வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தாரே, அவரா? சார் சூப்பரா ஆடுவாருன்னு என்கிட்ட சொன்னாரேங்க!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் முட்டிக்காக அவள் அப்படி அழுததில்லை.

என்னை இரண்டு பேர் தூக்கிக் கேட் வரைக்கும் கொண்டு வந்தார்கள். சரளா அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இதுல எங்கப்பா இல்லையே சார்."

"இருக்கான்மா" என்றேன். "ஹெட்மாஸ்டரைத் தவிர நாங்க யாருமே கேமராவைப் பாக்கலை, பாத்தியா? எல்லாரும் சிரிச்சுக்கிட்டு ஒரு பக்கமா பாக்குறோம். அங்கதான் உங்கப்பா நிக்கிறான். பனியனோட. கன்னத்தை உப்பிக் காட்டிக்கிட்டு."

அவள் படத்தையே பார்த்தாள். பிறகு இரண்டு எட்டு நகர்ந்து, நாங்கள் பார்க்கிற அந்தப் பக்கமாகப் போய் நின்றாள். பதினோரு பையன்களும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அங்கேயே நின்று அழுதாள். என் பேர் பொறித்த நினைவுப் பரிசைக் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டாள். நின்ற இடத்திலிருந்தே ஃப்ளெக்ஸைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, டியூட்டிக்கு நேரமாகிறது என்று மெட்ரோவுக்குப் போனாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் டாக்ஸியில் நித்யா பேசவில்லை. அவள் ஆபீஸ் முழுக்க என் கோல் பிரசித்தம். டின் ஃபேக்டரி ஜங்ஷன் பக்கம் டிராஃபிக்கில் அரை மணி நேரம் நின்றோம். அப்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அப்பா, எனக்கு சைக்கிள் கத்துக் குடுத்தது நீங்களா, வேலு மாமாவா?" என்றாள். அழுதிருந்த குரலில் ஒரு சிரிப்பு. வசந்தாவும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கப் பயந்தேன்.

அது அன்றோடு முடியவில்லை. இன்றைக்கும் நான் ரசம் வைத்தால் "வெச்சது நீங்களா, வேலுவா?" என்பாள் வசந்தா. கரண்ட் பில் கட்டிவிட்டேன் என்றால் மாப்பிள்ளைகூடக் கேட்கிறார். சொந்தக்காரர் கல்யாணங்களில் என்னை 'டூப்ளிகேட்' என்றே அறிமுகம் செய்கிறார்கள். வேலுவின் தங்கை அப்போதே சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் இந்த வலது முட்டி நிஜமாகவே போய்விட்டது. தசைநார் கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஸ்கேனைக் காட்டினால், "யார் முட்டி இது?" என்கிறாள் நித்யா. நொண்டி நொண்டி நடந்தால் வீடே சிரிக்கிறது. ராத்திரி வலியில் முனகினால் வசந்தா, "நல்லா வருது, இன்னும் கொஞ்சம்" என்கிறாள். உண்மையைச் சொல்லி, சொந்த வீட்டில் ஒருத்தரும் நம்பாமல் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எனக்கு இது எட்டு மாசம். வேலு சாகிற வரைக்கும் அப்படி இருந்தான். நம்புகிறவள் சரளா ஒருத்திதான். வாரம் ஒருமுறை போன் பண்ணி, "வலது முட்டி எப்படி இருக்கு சார்?" என்று சரியான காலைச் சொல்லிக் கேட்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, விழாவுக்குப் பிறகு முதல் முறையாக வசந்தா எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். எனக்கு நம்ப முடியவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு காலை நீட்டினேன்.

"எந்தக் கால்?" என்றாள்.

"வலது" என்றேன்.

அவள் இடது காலை எடுத்து மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கோபமா, முப்பத்தைந்து வருஷப் பழக்கமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.